கஸ்பார் தெலோர் பொய் எழுதியதில்லை

கஸ்பார் தெலோர் போரிலிருந்து இடது முழங்கால் மடங்காமல் திரும்பி வந்தார். அந்தக் காலோடு ஏர் பிடிக்க முடியாது. அப்படி வந்தவர்களுக்கென்று அரசாங்கம் சில வேலைகளை ஒதுக்கி வைத்திருந்தது. எங்கள் ஊரான புய்ரெனாக்கின் ஊர்க்காவலர் வேலை அவருக்குக் கிடைத்தது. ஒரு தொப்பி, கையில் கட்டிக்கொள்ளும் பித்தளை வில்லை, ஒரு முரசு. துப்பாக்கி கிடையாது. வேண்டுமென்று அவர் கேட்கவும் இல்லை.

கோழி காணாமல் போனாலும், முயல் கண்ணி கிடந்தாலும், வைக்கோல் போர் எரிந்தாலும் அவர் முதலில் ஆட்களை விசாரிக்க மாட்டார். தரையைப் பார்ப்பார். மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டி, மற்றக் காலால் குந்தி, மூக்கு மண்ணில் படும்படி அரைமணி நேரம் இருப்பார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் மரச்செருப்பு குடைந்து தருபவர் ஒருவரே. ஆனால் அடியில் ஆணி அடித்துக்கொள்வது அவரவர் வீட்டில். எவன் செருப்பில் எத்தனை ஆணி, எந்த ஆணி தேய்ந்தது, எது விழுந்துவிட்டது என்பதெல்லாம் கஸ்பாருக்கு மனப்பாடம். பூசை நேரத்தில் மண்டியிட்டவர்களின் பாதங்களைப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார் என்று சொல்வோம்.

பிடித்த பிறகு அவர் ஆளை அடித்ததில்லை. அபராதத்துக்குக்கூட அவசரப்பட மாட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது திருடியவனின் வீட்டு வாசலில் போய் நின்று முரசைத் தட்டுவார். மற்ற நாட்களில் கோதுமை விலையையும் தடுப்பூசி நாளையும் சொல்லும் அதே குரலில், என்ன திருடு போனது, எங்கே இருந்தது என்று படிப்பார். பெயரைச் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டிய அவசியமில்லை. நாங்கள் எல்லோரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

நோயாளிப் புருஷனோடு இருந்த மெலானி ஒரு குளிர்காலத்தில் தன் முயல்களுக்காகப் பக்கத்து வயலில் நான்கு பீட்ரூட் கிழங்குகளைப் பிடுங்கினாள். கஸ்பார் வயலில் கிடந்த இலைக்கொத்தைக் கையிலெடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். மெலானியின் முயல் கூண்டில் பாதி கடிபட்டுக் கிடந்த கிழங்கின் தலையில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை வேண்டாம். எந்தக் கிழமை வேணும்னாலும் வெச்சுக்கோ" என்று மெலானி கெஞ்சினாள்.

"மத்த நாள்ல யாரும் இருக்கமாட்டாங்களேம்மா" என்றார் கஸ்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, "என்ன மெலானி, முயலுக்குப் பசி ஆறிச்சா?" என்று முதலில் கத்தியது யாரென்று நினைவில்லை. சிரித்தவர்கள் எல்லோரும்தான். அவள் பெயர் பீட்ரூட்டுக்காரி ஆனது. மகள் பெரியவளாகி மொன்வேல் ஊரில் சம்பந்தம் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டார் மேசையில் ஒரு பீட்ரூட்டை வைத்துவிட்டுப் போனார்கள். கல்யாணம் நடக்கவில்லை.

கஸ்பாரைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. அவருடைய பெருமையெல்லாம் அவர் எழுதும் காகிதத்தில் இருந்தது. கண் பார்த்தது, கை அளந்தது, இவ்வளவுதான் அதில் இருக்கும். எழுதிய ஒரு நாளுக்குள் மேயர் முன்னால் அதைச் சத்தியம் செய்து கையெழுத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. ஒரு வார்த்தையில் சந்தேகம் வந்தால் முழுத் தாளையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவார். பன்னிரண்டு வருடத்தில் அவர் எழுதிய எதையும் எந்த நீதிபதியும் தள்ளியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று அக்டோபரில் அக்ரூட் விவகாரம் வந்தது.

நொயெமி ரூக்கேயின் கணவன் அந்த வருட ஆரம்பத்தில் பார வண்டிக்கு அடியில் விழுந்து செத்துப்போனான். அவளுக்கு மிஞ்சியது ஒரு துண்டு நிலம், அதன் ஓரத்தில் ஏழு அக்ரூட் மரங்கள். அந்த ஓரத்துக்கு அப்பால் மேயர் வெய்சாத்தின் நிலம். காய் உதிர்க்க நொயெமி கழியோடு போன அன்று, வெய்சாத்தின் ஆட்கள் ஏற்கெனவே மரத்தில் இருந்தார்கள்.

"யாரைக் கேட்டு ஏறினீங்க?" என்றாள்.

"கல்லைக் கேட்டுத்தான்" என்று மேலேயிருந்து ஒருவன் சொன்னான். "அங்க பாரு. கல்லு உன் பக்கம் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு. மரம் எங்க ஐயாவோடதுதான்."

எல்லைக்கல் நிஜமாகவே மரங்களைத் தாண்டி அவள் நிலத்துக்குள் நின்றது.

அவள் நேராகக் கஸ்பாரிடம் வந்தாள். "அண்ணே, கல்லு நடந்து வருமா? என் புருஷன் இருந்தவரைக்கும் அது மரத்துக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு. நான் அதுமேல உக்காந்து சோறு தின்னிருக்கேன்."

"தின்னதை எழுத முடியாது. தோண்டித்தான் பார்க்கணும்" என்றார் கஸ்பார்.

எங்கள் பக்கத்தில் எல்லைக்கல் நடும்போது குழியில் முதலில் ஒரு கூரை ஓட்டை மூன்றாக உடைத்துப் போடுவார்கள். அந்தத் துண்டுகளுக்குச் சாட்சிகள் என்று பெயர். கல்லை யாராவது நகர்த்தினாலும் சாட்சிகள் பழைய இடத்திலேயே மண்ணுக்குள் கிடக்கும். எடுத்துச் சேர்த்தால் ஒரே ஓடாகப் பொருந்தும். வேறு ஓட்டை உடைத்துப் போட்டு ஏமாற்ற வேண்டுமென்றால் பழைய துண்டுகளை முதலில் ஒன்று விடாமல் தோண்டி எடுத்தாக வேண்டும்.

கஸ்பார் கல்லைச் சாய்த்துத் தோண்டினார். அடியில் மண் மட்டும். மேயர் வெய்சாத் வேலிப் பக்கம் நின்று மீசையை முறுக்கிக்கொண்டு பார்த்தார்.

"எங்கப்பா காலத்துக் கல்லுய்யா இது. ஓடு போட மறந்திருப்பாங்க. இல்லாத சாட்சியைத் தோண்டிக்கிட்டே போனா நாளைக்கு நாட்டு எல்லை தாண்டி ஸ்பெயினே வந்திரும்."

கஸ்பார் ஊர் அலுவலகத்துக்குப் போய்ப் பழைய கட்டுகளை அவிழ்த்தார். கல் நட்ட ஆண்டின் தாள் கிடைத்தது. 1889. வெய்சாத்தின் அப்பா, ரூக்கேயின் அப்பா, இருவர் கையெழுத்து. அடியில் ஒரு வரி: நினைவுக்கு, அநாதை விடுதிப் பையன் இலாரியோன், வயது ஏழு.

இது ஓடு போடுவதைவிடப் பழைய வழக்கம். ஓடு மண்ணுக்குள் போய்விடும். இடம் யாருக்காவது ஞாபகம் இருக்க வேண்டுமே. அதற்காக ஒரு சிறு பிள்ளையைக் கூட்டிப் போவார்கள். கல் நட்டு முடித்ததும், அந்த இடத்திலேயே நிறுத்தி, கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விடுவார்கள். அடி வாங்கிய இடத்தைப் பிள்ளை சாகும்வரை மறக்காது. பெற்றவர்கள் இருக்கிற பிள்ளையென்றால் அறை லேசாகத்தான் விழும், பிறகு ஒரு துண்டு கேக்கும் கிடைக்கும். அதனால் ஞாபகம் கெட்டியாக இருக்க வேண்டுமென்று நினைப்பவர்கள், அரசாங்கம் குடியானவர் வீடுகளில் விட்டு வளர்க்கும் அநாதைகளில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். வெய்சாத்தின் அப்பா கெட்டியாக இருக்க வேண்டுமென்று நினைத்தார். அவர் கையில் மோதிரமும் இருந்தது. இலாரியோனுக்கு அன்றைக்கே ஒரு காது போயிற்று. மற்றது பிறகு மெல்ல மெல்லச் சீழ் வைத்துப் போயிற்று.

இப்போது அவனுக்கு நாற்பத்தொன்பது வயது. ஊரில் அவனுக்குப் பெயர் மரக்காது. வெய்சாத்தின் ஆடு மேய்த்தான். ஆட்டுப்பட்டியின் பரணில் படுக்கை, மேயர் வீட்டுப் பின்கதவில் இரண்டு வேளை சூப்பு. அறுபது ஆடுகளையும் முகம் பார்த்துப் பெயர் சொல்வான். அந்தப் பட்டியைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு இடம் இல்லை. அது போனால் போவதற்கு ஒரு வாசற்படிகூடக் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அவனுக்கும் தெரியும். எதிரே யார் வாய் அசைந்தாலும் "ஆமாங்க" என்று சொல்லித் தலையாட்டுவது அவன் பழக்கம். ஆமாம் சொல்கிறவனை யாரும் துரத்துவதில்லை என்று எப்போதோ கண்டுகொண்டான்.

"மரக்காது, உன் பொண்டாட்டி ஆடுதானே?" என்று கேட்பார்கள். "ஆமாங்க" என்பான். முப்பது வருடமாக அதே வேடிக்கை. நாங்கள் சலிக்கவில்லை.

கஸ்பார் அவனை மேய்ச்சல் சரிவில் கண்டார். நொயெமியும் கூட வந்திருந்தாள். கத்திக் கேட்டுப் பயனில்லை. கஸ்பார் தரையில் ஒரு கல் நடுவதுபோலக் காட்டினார். பிறகு கையை ஓங்கித் தன் கன்னத்தருகே கொண்டுபோனார்.

இலாரியோன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் போனான்.

"எங்க?" என்று கஸ்பார் கைவிரித்துக் காட்டினார்.

அவன் புரிந்துகொண்டான். ஆனால் நகரவில்லை. மேயர் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தான், ஆடுகளைப் பார்த்தான். செவிடர்களின் தடித்த குரலில், "ஆடு... எடம்... போயிரும்" என்றான்.

"போகாது." கஸ்பார் தன் வில்லையைத் தொட்டு, நெஞ்சில் கை வைத்தார். பட்டியைக் காட்டினார், அவனைக் காட்டினார், இரண்டு விரலைச் சேர்த்துப் பின்னிக் காட்டினார். "நான் பார்த்துக்கறேன். உன் எடம் உனக்குத்தான்."

"ஆமாங்க" என்றான் இலாரியோன்.

அவன் முன்னால் நடந்தான். மரங்களைத் தாண்டி, மூன்றாவது மரத்துக்கு நேராக, வெய்சாத்தின் பக்கமாக ஏழு தப்படி வைத்து நின்றான். கால்விரலால் ஓரிடத்தைத் தொட்டான். யோசிக்கவே இல்லை. வீட்டுக் கதவைத் திறப்பவனைப்போல அவ்வளவு சாதாரணமாகச் செய்தான்.

கஸ்பார் தோண்டினார். முழங்கை ஆழத்தில் மூன்று சிவப்பு ஓட்டுத்துண்டுகள். மண்ணைத் துடைத்துத் தொடைமேல் வைத்துச் சேர்த்தார். ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தின. கஸ்பார் வாய்விட்டுச் சிரித்ததை நொயெமி அன்றுதான் பார்த்தாளாம்.

காவலர் சிரித்ததும் இலாரியோனுக்கும் சந்தோஷம் வந்துவிட்டது. கேட்காததையும் காட்ட ஆரம்பித்தான். இரண்டு கையையும் தலையில் வைத்துக் கொம்பாக்கினான்: மாடுகள். சங்கிலி கட்டினான். முன்னால் நின்று இழுத்தான். கல் வருகிறது, வருகிறது, இதோ. பிறகு ஓரமாகப் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்று, இல்லாத மீசையை முறுக்கி, அங்கே, இன்னும் அங்கே என்று விரலை நீட்டினான். அச்சு அசலாக வெய்சாத்.

நொயெமி வாயைப் பொத்திக்கொண்டாள். "பார்த்தியா அண்ணே?"

"பார்த்தேன்" என்றார் கஸ்பார்.

மாலையில் ஓட்டுத்துண்டுகளைத் துணியில் கட்டிக்கொண்டு மேயரின் அறைக்குப் போனார். வெய்சாத் துண்டுகளைத் தானே சேர்த்துப் பார்த்தார். பிரித்தார். மறுபடி சேர்த்தார்.

"மரம் ஏழும் அவளுக்கே போகட்டும். நான் குறுக்கே நிக்கல. உக்காரு கஸ்பார், காலு வலிக்கும்."

கஸ்பார் உட்காரவில்லை.

"கல்லை நகர்த்தினது குத்தம். ஜெயில் உண்டு. அதையும் கண்டுபிடிக்கணுமே" என்றார் மேயர். "தடம் ஏதாவது இருக்கா?"

"இருக்குங்க. பழைய இடத்தை மூடி உழுதாச்சு, ஆனா மரத்தடியில ஈரத்துல இழுத்தது கோடையில காஞ்சு அப்படியே நிக்குது. ரெண்டு மாடு. ஒரு ஆள் செருப்பு. வலது குதிகால்ல மூணு ஆணி, ஒண்ணு இல்ல."

"யாரோடது?"

"இலாரியோனோடது."

"பின்ன என்ன? முடிஞ்சுதே."

"அவன் மாட்டை இழுத்தான், அவ்வளவுதான். சொன்னது நீங்க."

வெய்சாத் கோபப்படவில்லை. பேனாவைத் துடைத்தார். "நான் சொன்னதைக் கேட்டவன் யாரு? மரக்காது. கேட்டானாமா?" சிரித்தார். "நீ பார்த்தியா என்னை அங்க?"

"இல்லீங்க."

"என் செருப்புத் தடம் இருக்கா?"

நல்ல கனவான்கள் சேற்றில் இறங்காமல், தடம் விழாத புல்மேல் நிற்பார்கள். "இல்லீங்க" என்றார் கஸ்பார்.

"அப்ப எழுதாதே. பார்க்காததை எழுதமாட்டேங்கிறதுதானே உன் பேரு? எனக்காக அதை மாத்திக்காதே. பார்த்ததை எழுதிக் கொண்டா. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் முன்னாடி சத்தியம் பண்ணு, கையெழுத்துப் போடறேன். இல்ல, வேற மாதிரி எழுதப்போறியா, அதுக்கும் நான்தான் கையெழுத்துப் போடணும். அதையும் யோசிச்சுக்க. உன் தொப்பி எந்த ஆணியில தொங்குதுன்னும் யோசிச்சுக்க."

மறுநாள் காலை கஸ்பார் நொயெமியின் வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில் அக்ரூட்டை உலர்த்திக்கொண்டிருந்தாள். கை இரண்டும் காய்த்தோலின் சாறு பட்டுக் கறுத்திருந்தது.

"அவன் காட்டினதை நீயும் பார்த்த. ரெண்டு பேரா சொன்னா நிக்கும். சொல்லுவியா?"

அவள் காய்களைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "எனக்கு மரம் வந்திருச்சு அண்ணே."

"அவனாலதான் வந்துச்சு."

"தெரியாமலா இருக்கேன்? இந்தக் காயை எங்க கொண்டுபோய் ஆட்டட்டும்? செக்கு யாரோடது? மேயரோடதுதானே. எண்ணெய் ஆட்டமாட்டேன்னு சொல்லிட்டார்னா இதை நான் பல்லால கடிச்சா புழியறது?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மரக்காதுக்கு என்ன அண்ணே, ஒத்தை ஆளு. ஜெயில்ல சூப்பாவது சூடா குடுப்பாங்க."

கஸ்பார் அன்று மூன்று தாள்களைக் கிழித்தார். நான்காவதை மேயரிடம் கொண்டுபோனார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. கல்லின் பழைய இடம், புதிய இடம், இடையே எத்தனை மீட்டர், ஓட்டுத்துண்டுகளின் அளவு, மாட்டுக் குளம்பின் அகலம், செருப்பின் ஆணி. கல் நட்டதைப் பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே ஆள் இலாரியோன் என்ற வரி. அவனே வந்து காலால் தொட்டுக் காட்டினான் என்ற வரி. எல்லாம் உண்மை. ஒரு பொய் கிடையாது. அவன் கொம்பு வைத்துக் காட்டியதும் மீசை முறுக்கிக் காட்டியதும் மட்டும் அதில் இல்லை. பின்னால் யாரோ கேட்டபோது, சைகை சாட்சியாகாது என்றார் கஸ்பார்.

ஞாயிற்றுக்கிழமை முரசு வெய்சாத்தின் ஆட்டுப்பட்டிக்கு முன்னால் ஒலித்தது. ஊர் முழுக்க அங்கே இருந்தது. கூட்டத்தைப் பார்த்து இலாரியோன் பரணிலிருந்து இறங்கி வந்தான். முரசு அவனுக்குக் கேட்காது, ஆனால் உள்ளங்காலில் அதிர்வு தெரியும். திருவிழா நாட்களில் அதற்காகவே முரசுக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். அன்றும் கஸ்பாருக்குப் பக்கத்தில் வந்து, பல்லெல்லாம் தெரிய நின்றான். கஸ்பார் கோலை ஓங்கியபோது கை ஒரு கணம் நின்றது என்று சிலர் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

"என்ன மரக்காது, ஏழு மரத்தையும் நீயேவா முழுங்கப் பார்த்த?" என்று மரச்செருப்புக்காரர் கத்தினார்.

"ஆமாங்க!"

"வெச்சுக்க இடம்? ஆட்டோட வயித்துலயா?"

"ஆமாங்க, ஆமாங்க!"

அழுகிற அளவுக்குச் சிரித்தோம். மேயர் வீட்டம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். நொயெமியும் அங்கே நின்றாள், ஆனால் பின்னால்.

மாவட்ட நீதிமன்றத்தில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கஸ்பார் எழுதியதால் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நீதிபதி கடமைக்கு அவனைக் கேட்டார்.

"கல்லை நகர்த்தினது நீதானா?"

"ஆமாங்க."

"உனக்கு யாராவது உத்தரவு போட்டாங்களா?"

"ஆமாங்க."

நீதிபதி நிமிர்ந்தார். "இல்ல, உன் சொந்த யோசனையா?"

"ஆமாங்க."

மண்டபம் சிரித்தது. நீதிபதியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு மாதம் என்று எழுதினார். இலாரியோன் கஸ்பாரின் பக்கம் திரும்பி, இரண்டு விரலைச் சேர்த்துப் பின்னிக் காட்டினான். கஸ்பார் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் நடுவில் அவன் திரும்பி வந்தான். நேராகப் பட்டிக்குப் போனான். அதற்குள் வெய்சாத் வேறொரு மேய்ப்பனை வைத்துவிட்டார். புதியவன் நாயை ஏவினான். நாய் இலாரியோனை மோந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டியது. ஆடுகள் கத்திக்கொண்டு வேலிக்கு வந்துவிட்டன. அதனால் புதியவனுக்கு அவமானமாகிவிட்டது. தடியை எடுத்தான்.

வெய்சாத் கஸ்பாரைக் கூப்பிட்டார். "வீடில்லாத ஆளு ஊருக்குள்ள சுத்தறான். சட்டம் உனக்குத் தெரியும். எல்லை தாண்டி விட்டுட்டு வா."

"எங்கங்க போவான் அவன்?"

"நம்ம எல்லைக்கு அப்பால எங்க வேணும்னாலும். எந்த ஊர்ல விழறானோ அந்த ஊர் சுமக்கட்டும். நம்ம மண்ணுல மட்டும் வேண்டாம்."

மொன்வேல் எல்லையில் ஒரு கற்சிலுவை நிற்கிறது. அதையொட்டி ஒரு சின்ன வாய்க்கால். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். கஸ்பார் நொண்டிக்கொண்டே அவனை அங்கே கூட்டிப்போய் விட்டார். சாயங்காலம் அவன் பட்டி வேலியில் நின்றான். மறுநாள் மறுபடி கூட்டிப்போனார். இருட்டுவதற்குள் வந்துவிட்டான். வரும் வழியில் ஆட்டுப் புழுக்கை கிடந்தால் குனிந்து தொட்டுப் பார்ப்பானாம், சூடாக இருக்கிறதா என்று.

மூன்றாவது நாள் மேயர், "ஒரு செவிடன் உன்னை ரெண்டு தடவை ஜெயிச்சிட்டான் பாரு" என்றார்.

அன்று சிலுவையடியில் கஸ்பார் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். வாய்க்காலைக் காட்டினார். மொன்வேல் பக்கத்துச் சரிவைக் காட்டினார். இரண்டு கையாலும் மேய்கிற ஆடுகளைக் காட்டினார், நிறைய, கீழே இறங்கி, இங்கே வருகின்றன. அவனைக் காட்டினார். உட்கார். இரு. வரும். இரண்டு விரலைச் சேர்த்துப் பின்னினார்.

இலாரியோனின் முகம் மலர்ந்தது. "ஆடு?" என்றான்.

கஸ்பார் தலையாட்டினார்.

"ஆமாங்க" என்று சொல்லி அவன் சரிவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். மேய்ப்பனுக்குக் காத்திருக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றிரவு பனி விழுந்தது. அடுத்த இரவும் விழுந்தது.

மூன்றாவது நாள் காலை கஸ்பார் பார்க்கப் போனார். இலாரியோன் ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கிடந்தான். விறைத்துவிட்டிருந்தான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், எங்கள் மண்ணில், ஆறு தப்படிக்குள்.

அதற்கு மேல் நடந்ததை மொன்வேல் ஊர்க்காவலர் லாபோரி சந்தைக்குச் சந்தை சொல்லிவிட்டார். அதனால் எல்லோருக்கும் தெரியும். லாபோரி தன் ரோந்தில் அங்கே வந்தபோது உடல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. கஸ்பார் சிலுவையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் வேர்த்திருந்தது.

"உங்க ஊர்ல ஒருத்தன் கிடக்கான் லாபோரி. எழுதிக்க" என்றார்.

லாபோரி பெரிய துப்பறிவாளர் கிடையாது. குடிகாரர், எழுத்தும் சரியாக வராது. ஆனால் கண் இருந்தது. சுற்றிலும் புல் வெள்ளையாக உறைந்திருந்தது. எங்கள் பக்கத்தில், அந்த வெள்ளைக்கு நடுவே, ஓர் ஆள் முழங்காலை மடக்கிப் படுத்த அளவுக்குப் பச்சையாக, ஈரமில்லாமல் ஓரிடம். அங்கிருந்து வாய்க்கால்வரை இரண்டு குதிகால் இழுபட்ட கோடு. கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கால் அழுந்தியும் ஒரு கால் தரையைத் தேய்த்துக்கொண்டும் போன தடம்.

லாபோரி குந்தி உட்கார்ந்து பச்சைப் புல்லைத் தடவினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"யோவ் கஸ்பார். நொண்டி ஒருத்தன் இழுத்திருக்கான்யா. யாரா இருக்கும்? நம்ம ரெண்டு ஊர்லயும் எத்தனை நொண்டி?"

கஸ்பார் இழுபட்ட கோட்டைப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா புல்லைப் பார்த்தே ஊரை அழ வெச்ச ஆளு. கொஞ்சம் பனியைக் காலால கலைச்சு விட்டிருக்கக் கூடாதா?"

"எழுது லாபோரி. கெஞ்சிக் கேக்கறேன். மேயர் நம்ம மண்ணுல வேண்டாம்னு சொல்லிட்டாரு."

"எனக்கு எழுதவே வராது, பொய்யா வேற எழுதணுமா? இது உங்க ஊர்ப் பனி. நீயே தூக்கு." போகும்போது திரும்பி நின்று, "யாரு இவன், உங்க ஊர் செவிடனா? இங்க எதுக்கு உக்காந்திருந்தான்?" என்று கேட்டார்.

"ஆடு வரும்னு" என்றார் கஸ்பார்.

மடங்காத காலோடு அவர் அவனை முதுகில் போட்டுக்கொண்டு மூன்று கிலோமீட்டர் வந்தார். விறைத்த உடம்பு நிமிரவில்லை. உட்கார்ந்த பிள்ளையைச் சுமப்பதுபோல இருந்தது. வழியில் யாரும் கை கொடுக்கவில்லை. நொயெமி தன் வீட்டு வாசலில் நின்றிருந்தவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கஸ்பார் ஊர் அலுவலகத்துப் படியில் உடலை இறக்கி வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

மேயர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். படியில் கிடந்ததைப் பார்த்தார், கஸ்பாரைப் பார்த்தார்.

"பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த. இது ஒண்ணை உனக்கு ஒழுங்கா செய்யத் தெரியலையா?"

"தப்புதாங்க" என்றார் கஸ்பார். குழியை எந்தப் பக்கம் வெட்டுவது என்று கேட்டார்.

"கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமா எங்கயாவது" என்று சொல்லி மேயர் ஜன்னலைச் சாத்தினார். கஸ்பார் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், உறைந்த மண்ணில் இடத்தைக் கயிறு பிடித்து அளந்து, நான்கு மூலையிலும் முளை அடித்தார்.